வெரோணிக்காளின் சேலையில் வளர்ந்த சிப்பிகள்

மாங்குழித்துறையில் சிப்பிக் குஞ்சுகளை எவளுடைய பழஞ்சேலையில் சுற்றிக் கயிற்றில் கட்டுகிறார்களோ, அவளுடைய குணத்தில்தான் அவை வளரும். சேலை கடல் தண்ணீரில் இற்றுப்போகும். குணம் சிப்பியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் விதைப்புக்கு முன்னால் தாராள மனசுக்காரிகளைத் தேடிப்போய்ச் சேலை கேட்பது ஊர் வழக்கம். கஞ்சப் பிசினாறியின் சேலையைச் சுற்றினால் ஓடுதான் வளரும், உள்ளே சதை இருக்காது.

இதெல்லாம் சலேத்தம்மாளுக்குத் தெரியாததா? அவசரம், என்ன செய்ய. விதைப்பன்று படகிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கொடியில் கிடந்த நீலச் சேலையை உருவிக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டாள். அது ஓரகத்தி வெரோணிக்காளுடையது. அண்ணன் தம்பியைக் கட்டிய அந்த இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. எதனால் என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. ஆனாலும் பேசாமலிருப்பதில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. துணி காயப்போடும் கொடி மட்டும் ஒன்றுதான். சேலை காணாமல் போனதை வெரோணிக்காள் அன்றைக்கே கண்டாள். கேட்பதென்றால் பேச வேண்டுமே. அதனால் கேட்கவில்லை.

சிப்பிகள் கயிறு கொள்ளாமல் வளர்ந்தன. சலேத்தின் படகு கிட்டே வந்தால் மட்டும் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வீம்பு பிடித்த சாதி என்று அவளும் விட்டுவிட்டாள்.

அறுவடையன்று கரையில் அண்டா வைத்து அவித்தார்கள். மற்ற பெண்களின் சிப்பிகள் கொதி வந்ததும் வாயைப் பிளந்தன. சலேத்தின் சிப்பிகள் எத்தனை கொதி கண்டும் இறுக மூடிக்கொண்டு கிடந்தன. அவித்தும் வாய் திறக்காத சிப்பியை வியாபாரி தொடமாட்டார். சாயங்காலம் வண்டி வந்துவிடும். புருஷன் இடுப்பொடிந்து கட்டிலில் கிடக்க, அந்த வருஷத்துக் கஞ்சி அந்த அண்டாவுக்குள்தான் இருந்தது.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கு?" என்று கரண்டியால் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

குழுத் தலைவி பாக்கியவதி ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது வெரோணிக்கா மூஞ்சில்லா? போயி அவளக் கூட்டிட்டு வா பிள்ளே."

சலேத்து கரண்டியை வைத்துவிட்டு நடந்தாள். முதலில் பேசுகிறவள்தானே தோற்றவள். வெரோணிக்காளின் வாசலில் போய் நின்று, அங்கே மேய்ந்துகொண்டிருந்த கோழியிடம் சொன்னாள்: "சிப்பி வாய் திறக்க மாட்டேங்குதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லு."

"எஞ்சேலை எங்கன்னு அவகிட்ட கேளு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கோழி இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப்போய் வந்து களைத்து, நிழலில் படுத்துவிட்டது. இனி வேறு வழியில்லை.

"நாந்தான் கிழிச்சேன், அக்கா," என்றாள் சலேத்து. சொன்ன கையோடு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

வெரோணிக்காள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்து, "போதும், சொல்லிருங்க," என்றாள்.

அத்தனையும் ஒருசேரத் திறந்தன. "நான் காய்ச்சல்ல கெடந்தப்போ எட்டிப் பாத்தியா?" என்றது ஒன்று. "கிறிஸ்மஸ் பலகாரம் ஊருக்கெல்லாம் குடுத்தியே, எனக்கு?" என்றது இன்னொன்று. சலேத்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வரிசையாகப் பதில் சொன்னாள். சிலதுக்கு மன்னிப்புக் கேட்டாள், சிலதைத் திருப்பித் திட்டினாள். பதில் கிடைத்த சிப்பி தானாகக் கூடைக்குள் இறங்கிக்கொண்டது. வெரோணிக்காள் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வியாபாரி வந்தபோது அண்டாவில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

"பேச்சு நின்ன அன்னைக்கு, நீ எப்படியும் வருவேன்னு உனக்குச் சோறு எடுத்து வச்சிருந்தேன்," என்றது அது.

சலேத்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூடைகளை ஏற்றி முடித்த வியாபாரி, அதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அது இன்னும் பேசி முடியல," என்றாள் வெரோணிக்காள். சரியென்று அவர் வண்டியை எடுத்தார்.

இரண்டு பேரும் வெரோணிக்காளின் வீட்டுக்கு நடந்தார்கள். சிப்பி நடுவில் நடந்து வந்தது. கட்டிலில் கிடப்பவருக்குச் சோறு கொடுத்தனுப்பிவிட்டு, வெரோணிக்காள் மூன்று தட்டுகளைக் கழுவி வைத்தாள். இருவருக்கும் மீன் குழம்பு ஊற்றினாள். சிப்பிக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்பதால் அதற்கு மட்டும் ரசம்.