சுவருக்கு அந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனை வரிசையில் எனக்குக் கிடைத்தது. முன்னால் நின்ற பெண் தன் கணவரிடம், "செவுத்தத் தட்டுனேன், பதிலே இல்ல" என்றாள். காதில் விழுந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கற்பனை. பிழையிருந்தால் கடவுள் பொறுக்கட்டும்.

2

அவளைத் தையல்காரியாக்கினேன். விமான நிலையத்தை விரிவாக்க அவள் தெருவை இடித்தார்கள். (இடிக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதற்கு என் உதவி எதற்கு?) பழைய வீட்டில் அவளுக்கும் நாத்தனாருக்கும் பொதுச்சுவர். விடிந்ததும் இரண்டு தட்டு: எழுந்தாச்சா? அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு: ஆச்சு. பிறகுதான் அடுப்பில் பால் ஏறும்.

மாற்று வீடுகளைக் குலுக்கலில் கொடுத்தார்கள். நாத்தனார் நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். இவளுக்கு ஐந்தாம் மாடி. வந்ததிலிருந்து தையல் இயந்திரத்தின் மேல் போர்வை. யார் கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை. விடிந்தால் மட்டும் கை தானாகச் சுவருக்குப் போய்விடும்.

3

அந்தப் பக்கம் யார்? முதலில் ஒரு சிடுமூஞ்சியை வைத்தேன். அவன், "அறிவிருக்கா உனக்கு" என்று கத்திக்கொண்டு...

வேண்டாம். அவள் பட்டது போதும். பேருந்து ஓட்டுநர் ஒருவரை வைத்தேன். அவரும் வீடு இழந்து வந்தவர், தூக்கம் கெட்டவர். அவள் கணவரைப் படிக்கட்டில் மடக்கினார்.

"அண்ணே, காலங்காத்தால என்ன ஆணியா அடிக்கறீங்க?"

"ஆணி இல்ல தம்பி. என் தங்கச்சியக் கூப்பிடுறா."

"எங்க வீட்லயா?"

கணவர் எல்லாவற்றையும் சொன்னார். "டாக்டர் மாத்திரை குடுத்தாரு, தூங்குறா. மனுஷங்கள மாத்திரையில குடுக்க முடியாதுல்ல."

மறுநாள் ஓட்டுநர் திருப்பித் தட்டினார்.

தையல்காரி சுவரில் காதை வைத்தாள். "இது அவ கை இல்ல. ஏதோ முரட்டுக் கை" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல்முறை.

4

முடிவு? நாத்தனாருக்குப் பக்கத்து வீடே கிடைக்கிறது. (கொடுத்தவர்கள் அவ்வளவு யோசித்திருந்தால் இந்தக் கதையே வேண்டாம்.) இல்லையேல், அவள் ஒரே நாளில் தேறிக் கடை திறக்கிறாள். (இரண்டு தட்டின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது.)

ஆகவே, ஓட்டுநர் இப்போது அவள் வாசலில் நிற்கிறார், கையில் காக்கிச் சட்டையோடு.

"அக்கா, பக்கத்து வீடுதான். சட்டை கிழிஞ்சிருச்சு. தேறுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து: "எங்க கிழிஞ்சிருக்கு?"

"அக்குள்ள."

"நேராவா, கோணலாவா?"

"அத நீங்கதான்க்கா பாக்கணும்."

அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. இதற்குமேல் அவளை நகர்த்த எனக்கு மனமில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவளைக் கேட்காமல் நகர்த்தியிருக்கிறார்கள். ஓட்டுநருக்கு அவசரமில்லை. நீங்களும் அவரோடு கொஞ்சம் நில்லுங்கள்.