பூமிக்குப் போட்ட தையல்

பேலேகு பிறந்த அன்று, அவன் அப்பா ஏபேரின் கூடார வாசலில் பூமி ஒரு சாண் அகலத்துக்குப் பிளந்தது. அடுப்பு இந்தப் பக்கமும் மாவரைக்கும் கல் அந்தப் பக்கமும் ஆயின. அதன்பின் வருஷந்தோறும் ஆட்டு மயிர் கத்தரித்து முடிந்ததும் பிளவு இன்னொரு சாண் அகன்றது. ஆழம் பார்க்கக் கல்லைப் போட்டவர்கள் சத்தத்துக்குக் காத்திருந்து அலுத்து, சாப்பிடப் போய்விட்டார்கள். தம்பி யொக்தான் கல்யாணமாகி எதிர்க்கரையில் கூடாரம் அடித்தபோது குறுக்கே ஒரு பேரீச்சந்தடி கிடந்தது. பேலேகுக்கு இருபத்தொன்பது வயது ஆன வருஷம் அதுவும் எட்டாமல் உள்ளே விழுந்தது. இத்தனைக்கும் பேலேகு ஈக்கும் தீங்கு நினைக்காதவன். ஆனாலும் பழி அவன் தலையில்தான் விழுந்தது. நாங்களும் சும்மா இருந்தோம், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முப்பதாவது வருஷம் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அப்போது பேலேகின் மனைவி திம்னாளுக்கு மாதம் ஆறு.

“இந்த மழை முடியட்டும். அதுக்கப்புறமும் நிலம் இப்படியே பொளந்து கெடந்தா, பேலேகு பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிரணும்.”

திம்னாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “கூடாரம் கிழிஞ்சா கிழிசலத் தைப்பீங்களா, இல்ல உள்ள பொறந்த பிள்ளையத் தொரத்துவீங்களா?”

மறுநாளே அவள் பிளவைத் தைக்க ஆரம்பித்தாள். எங்களில் கூடாரம் நெய்வதும் தைப்பதும் பெண்கள் வேலை; அதில் ஆண்கள் வாய் திறக்க முடியாது. வெள்ளாட்டு மயிரில் திரித்த கயிற்றைப் பேலேகு வீசினான். எதிர்க்கரையில் யொக்தான் அதை முளையில் சுற்றித் திருப்பி வீசினான். இப்படி எழுபது தையல். பிறகு மழைக்குக் காத்திருந்தார்கள். நனைந்த கயிறு சுருங்கி இறுகும், முளையையே பிடுங்கிவிடும் என்பது எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

முதல் மழை வந்தது. ஏபேருக்கு அப்போது அறுபத்து நாலு வயது, எங்கள் கணக்கில் இளவட்டம். முதல் துளி மேலே பட்டதும், காலமெல்லாம் செய்த பழக்கத்தில் ஓடிப்போய்க் கூடாரக் கயிறுகளைத் தளர்த்தினார். அந்த வேகத்தில் எழுபது தையலையும் சேர்த்துத் தளர்த்திவிட்டு, கடமையைச் செய்த திருப்தியோடு உள்ளே வந்தார். விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பேலேகு பயணத்துக்குத் தோல்பைகளைக் கழுவிவைத்தான்.

கயிற்றை மறுபடி முறுக்கிக் கட்டினார்கள். பருவத்தின் கடைசி மேகம் திரண்டபோது, திம்னாள் மாமனாரை உட்காரவைத்து, இரண்டு கைகளிலும் நூல் வளையத்தை மாட்டி, மெதுவாக உருண்டை சுற்றத் தொடங்கினாள். மழை விழுந்தது. ஏபேரின் கால்கள் துடித்தன.

“மாமா, அசையாதீங்க. சிக்கு விழுந்துரும்.”

“அம்மாடி, மழைம்மா!”

“பெய்யட்டும் மாமா.”

சொல்லும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சுற்றினாள். ஏபேர் அழுதுகொண்டே கையை நீட்டியபடி இருந்தார். வெளியே அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கரையில் முளைகளை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இழுக்குதுடா தம்பி!”

“விட்டுறாத அண்ணே!”

கூடாரத்துக்குள் விளக்கு ஆடியது, பால் பானை தானாக ஒரு முழம் நகர்ந்தது. பிறகு குழந்தை அழுதது. ஆண்பிள்ளை; ரெகூ என்று பெயர் வைத்தார்கள்.

சற்று நேரத்தில் யொக்தானின் மனைவி ஒக்லாள் பிறந்த பிள்ளைக்கு எங்கள் வழக்கப்படி தேய்க்கும் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். “என்னக்கா, பிள்ளைக்கு இன்னும் உப்புத் தேய்க்கலியா? இப்படியா போட்டு வைப்பாங்க?” என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். உப்புத் தேய்த்து, துணி சுற்றி, தாயிடம் கொடுக்கும்வரை யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிறகுதான் ஏபேர் மெல்லக் கேட்டார்.

“நீ எப்படிம்மா வந்தே?”

“நடந்துதான் மாமா. இது என்ன கேள்வி?”

எங்களுக்கெல்லாம் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பேலேகு வாசலில் பிளவு மூடிக் கிடந்த சேற்றை மிதித்து எதிர்க்கூடாரத்துக்குப் போனான். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.