முந்நூறு நாய்களும் ஒரு கட்டளையும்

ராஜபாளையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. நாய்க் கண்காட்சிச் செயலாளர் சேதுபதி, 'உரிமையாளர், நாய்' என்று தலைப்பிட்டு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த முந்நூறு வரிப் பட்டியலை, கம்ப்யூட்டர் கடையில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கும் ஜரீனாவிடம் காட்டினார்.

"ஏட்டி, நாய் பேரெல்லாம் மொதல்ல வரணும். சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா ஒன் முதலாளிட்ட சொல்லி ஒன் வேலைய காலி பண்ணிருவேன்."

கமாவுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் இடம் மாறட்டும், தலைப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் புரியும் குறிகளால் ஒற்றை வரிக் கட்டளை எழுதித் தட்டினாள் ஜரீனா. மொத்தப் பட்டியலும் நொடியில் புரண்டது.

அச்சான தாளைச் சேதுபதி சத்தமாக வாசித்தார்: "உரிமையாளர் டைகர், நாய் சேதுபதி..."

"நீங்க சொன்னபடி நாயத்தான் மொதல்ல போட்டேன், அண்ணாச்சி. தலைப்பப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"இவள இப்பவே வேலைய விட்டு அனுப்பும்!" என்று முதலாளியிடம் பாய்ந்தார் சேதுபதி. முதலாளி சிரிப்பை விழுங்கினார். "இம்புட்டு வேகமா வேலை பாக்குற பிள்ளைய எப்படி அனுப்புவேன், அண்ணாச்சி?"