இருபது நாள் பேங்க்

மிச்சிகனில் 'பதினான்கு மைல் சாலை' என்று பேர் கொண்ட சாலையில், டோனட் கடையைத் தாண்டியதும் வருகிற தகரக் கூரைக் கட்டடம்தான் அந்தப் பட்டறை. கார் பானெட்டைத் தூக்கினால் இரண்டு ஓரத்திலும் ஒரு கீல் மடங்கி விரியும். அந்தக் கீலை அடித்துத் தருவதுதான் அங்கே முக்கியமான வேலை. வேறு சில்லறை வேலைகளும் உண்டு. ஆனால் கீல் போனால் பட்டறையும் போகும் என்பது அங்கிருந்த முப்பத்தெட்டு பேருக்கும் தெரியும்.

லொரெய்ன் குபியாக் முப்பத்தொரு வருஷமாக அங்கே அட்டவணை போடுகிறவள். எஃகை அடித்து வடிவாக்குகிற பிரஸ்களில் எதில் எந்த வேலை ஏற வேண்டும், எஃகு எப்போது வர வேண்டும், எந்த லாரி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில். கீல் வாங்குகிற கார் கம்பெனியின் பெயரைப் பட்டறைக்குள் யாரும் சொல்வதில்லை. 'கஸ்டமர்' என்றால் அவர்கள்தான். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவர்களுடைய கணினியிலிருந்து லொரெய்னின் கணினிக்கு அந்த வாரத்துத் தேவை வந்து விழும். அந்த 2008ஆம் வருஷம் கோடையில் ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு கீல் கேட்டார்கள். அக்டோபரில் ஆயிரத்து நூறு. நவம்பர் கடைசியில் எழுநூறு.

டிசம்பர் முதல் தேதி எண் ஏறியிருந்தது. வழக்கமான எழுநூறு அப்படியே இருக்க, அதற்கு மேல் இருபது நாள் சரக்கைப் பன்னிரண்டாம் தேதிக்குள் அடித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி கர்ட், காகிதத்தைக் கையில் ஆட்டிக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தான். அப்பா இறந்த பிறகு, படகு விற்கிற வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"பாத்தீங்களா லொரெய்ன்? ஊரெல்லாம் அழுதுகிட்டு இருக்கு, நமக்கு சனிக்கிழமையும் வேலை!"

"பாத்தேன்."

"வீட்டுக்கு அனுப்பின ஆளுங்கள கூப்பிட்டுடலாமா?"

"கொஞ்சம் பொறு கர்ட். ஸ்டீல் வரட்டும்."

அவள் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போனாள். அங்கே அலோன்ஸோ பெட்வே, பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சைப் பொருத்துகிறவர், கையுறையைக் கழற்றிவிட்டு மான்கறி வற்றலை மென்றுகொண்டிருந்தார்.

"என்ன முதலாளியம்மா, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"பேங்க் கேக்கறாங்க. இருபது நாள்."

பெட்வே மெல்வதை நிறுத்தினார். "வால் ஸ்ட்ரீட்காரன் அழுதான், அவன் பேங்குக்குப் பணம் குடுத்தாங்க. நாம அழுதோம், நமக்கு இந்த பேங்க்கைக் குடுக்கறாங்க. சரியாத்தான் இருக்கு."

இந்தப் பேச்சு புரிய வேண்டுமானால் அந்த டையைப் பற்றித் தெரிய வேண்டும். நாலு டன் எடை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் இரும்புப் பெட்டி. சுருளிலிருந்து பிரிந்த எஃகுப் பட்டை ஒரு பக்கம் நுழையும். பிரஸ் ஒரு அடி அடிக்கும். பட்டை ஒரு சாண் நகரும். முதல் நிலையில் துளை விழும். இரண்டாவதில் ஓரம் வெட்டுப்படும். மூன்றாவதில் விளிம்பு பாதி மடங்கும், நான்காவதில் முழுக்க மடங்கும். ஒரே அடியில் மடக்கினால் எஃகு கிழிந்துவிடும். அதற்கும் அவகாசம் வேண்டும். இப்படியே ஏழாவது நிலைக்கு வந்ததும் கீல் துண்டாகிச் சரிவில் வழுக்கித் தொட்டியில் விழும். எந்த நேரத்தில் பிரஸ்ஸை நிறுத்திப் பார்த்தாலும் உள்ளே ஏழு கீல்கள் ஏழு வயதில் இருக்கும்.

டையின் முன்பக்கம் ஒரு பித்தளைத் தகடு. இது கஸ்டமரின் சொத்து என்று அதில் வெட்டியிருக்கும். பிரஸ் பட்டறையுடையது, ஆட்கள் பட்டறையின் ஆட்கள், டை மட்டும் அவர்களுடையது. எந்த நாளும் லாரி அனுப்பி எடுத்துப் போய் வேறொரு பட்டறையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இடம் மாறிய டை ஒழுங்காக ஓட மூன்று வாரமாவது பிடிக்கும். கார் பொருத்துகிற இடத்திலோ நாலு மணி நேரத்துக்கான கீல்தான் கையிருப்பு. ஒரு கீல் இல்லையென்றால் மொத்த லைனும் நிற்கும். ஆகவே டையை நகர்த்த நினைக்கிறவர்கள், முதலில் பழைய பட்டறையையே கூடுதலாக அடித்துக் குவிக்கச் சொல்வார்கள். அந்தக் குவியலுக்குத்தான் இந்தப் பக்கத்தில் 'பேங்க்' என்று பேர்.

லொரெய்ன் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். 1991இல் ஒரு டை, 2003இல் பெடல் அடிக்கிற டை. இரண்டு தடவையும் முதலில் ஓவர்டைம் வந்தது, எல்லாரும் சந்தோஷமாக பீட்சா வாங்கிச் சாப்பிட்டார்கள், பிறகு லாரி வந்தது.

"கர்ட்கிட்ட சொன்னியா?" என்றார் பெட்வே.

"சொன்னா உடனே போன் பண்ணி, 'எடுக்கப் போறீங்களா'ன்னு கேப்பான். அவங்க 'சேச்சே'ம்பாங்க. 2003லயும் 'சேச்சே'தான்."

"அப்ப என்ன செய்யப் போற?"

"பேங்க் இல்லாம டைய எடுக்க முடியாதில்ல?"

பெட்வே அவளைப் பார்த்தார். பிறகு இன்னொரு துண்டு வற்றலை வாயில் போட்டுக்கொண்டார். "இன்னிக்குக் குளிரு ஜாஸ்தி. நாலாவது நிலை இப்பவே பிடிக்குது. மெதுவாத்தான் ஓட்டணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது சுருள் எஃகு வந்து இறங்கியது. லொரெய்ன் அவற்றைப் பின்பக்கக் கொட்டகையில் வைக்கச் சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடினாள். கர்ட் அந்தப் பக்கம் போகிறவன் இல்லை. மூன்றாம் நம்பரில் தினம் எழுநூறு கீல் அடித்ததும் கீல் டையை இறக்கிவிட்டு, அவசரமில்லாத சில்லறை வேலை எதையாவது ஏற்றினாள். டையை மாற்றவே முக்கால் மணி நேரம் போகும். அட்டவணையில் எல்லாம் நியாயமாகத்தான் தெரிந்தது.

அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் யூக்கர் சீட்டு ஆடும்போதெல்லாம் வாஷிங்டன் பேச்சுத்தான்.

"போன தடவ மூணு கார் கம்பெனித் தலைவருங்களும் தனித்தனி விமானத்துல போயி அரசாங்கத்துகிட்ட கடன் கேட்டு கைய நீட்டினாங்க," என்றார் பெட்வே, சீட்டைக் கலைத்துக்கொண்டே. "திட்டு வாங்கினதும் இந்தத் தடவ கார்ல போறாங்களாம். வழியில எங்கயாவது நின்னு போகணும்னு வேண்டிக்கறேன். பானெட்டத் தொறப்பாங்க. அப்பவாவது நம்ம கீலப் பாப்பாங்க."

லொரெய்ன் சிரித்தாள். வாஷிங்டனில் நடப்பது அவள் கைக்கு எட்டாதது. எட்டுகிற இடத்தில் ஒரு டை இருந்தது.

ஒன்பதாம் தேதி கஸ்டமரின் ஆள் வந்தார். கோர்டன் டீஸ்டேல், மெலிந்த மனிதர், சப்ளை செய்கிற பட்டறைகளைச் சுற்றிப் பார்ப்பதே அவர் வேலை. கர்ட் அப்போது வக்கீலைப் பார்க்கப் போயிருந்தான். டீஸ்டேல் கீல் அடுக்கிய ரேக்குகளை எண்ணினார். இருபது நாளுக்குப் பதில் மூன்று நாள் சரக்கு இருந்தது.

"என்ன ஆச்சு மிஸ் குபியாக்? பிரஸ் ரிப்பேரா?"

பிரஸ் ரிப்பேர் என்றால் போய்ப் பார்ப்பார். ஆள் இல்லை என்றால் சம்பளச் சீட்டைக் கேட்பார். லொரெய்ன் எல்லாவற்றையும் யோசித்து ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் மிச்சிகன் முழுக்க யாரும் நம்பக்கூடிய பதில்.

"ஸ்டீல் வரல. ரொக்கம் வச்சாத்தான் சுருள் இறக்குவேங்கறாங்க."

டீஸ்டேல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். "எல்லா எடத்துலயும் இப்படித்தான் ஆரம்பிக்குது," என்று மட்டும் சொன்னார். கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

லொரெய்னுக்கு அன்று நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, வியாழன் இரவு, வாஷிங்டனில் கார் கம்பெனிகளுக்கான கடன் மசோதா செனட்டில் தோற்றது. வெள்ளிக்கிழமை யாரும் யூக்கர் ஆடவில்லை.

பதினேழாம் தேதி டீஸ்டேல் ஒரு உறையோடு வந்தார். கர்ட் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். உறைக்குள் இருந்தது ஒரே பக்கம்: கீல் டையை வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்கிறோம்.

கர்ட்டின் முகத்தில் ரத்தம் ஏறியது. "ஏன்? ஒரு லாரி லேட்டா வந்திருக்கா? ஒரு கீல் திரும்பி வந்திருக்கா?"

"வரல," என்றார் டீஸ்டேல். "ஆனா உங்களுக்கு ஸ்டீல் குடுக்கறவங்க ரொக்கம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த நெலமைக்கு வந்த பட்டறை ரெண்டு மாசம் தாண்டி நான் பாத்ததில்ல."

"யாரு கேட்டா? எங்ககிட்டயா? எங்ககிட்ட ஒருத்தனும் ரொக்கம் கேக்கலயே!"

இருவரும் லொரெய்னைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, "வாங்க" என்றாள்.

பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாயை அவளே இழுத்தாள். மேலே உறைந்திருந்த பனி தட்டாக உடைந்து விழுந்தது. ஒன்பது சுருள். டீஸ்டேல் குனிந்து ஒன்றின் அட்டையைப் படித்தார். டிசம்பர் இரண்டு என்று தேதி போட்டிருந்தது.

"பேங்க் எதுக்குன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார்.

"டைய எடுக்க. எப்பவும் அதுக்குத்தானே?"

"எப்பவும் அதுக்குத்தான். இந்தத் தடவ அதுக்கில்ல." டீஸ்டேலின் குரலில் கோபம் இல்லை, கணக்கு வாத்தியார் பேசுகிற மாதிரி இருந்தது. "எங்க ஆபீஸ்ல பட்டியல் இருக்கு. பச்ச, மஞ்ச, சிவப்பு. சின்னப் பட்டறை எல்லாமே மஞ்ச. நாளைக்கு நீங்க திடீர்னு விழுந்துட்டா எங்க லைன் நிக்கக் கூடாது. அதனால மஞ்சள்ல இருந்த எல்லார்கிட்டயும் இருபது நாள் கேட்டோம். குடுத்தவங்க மஞ்சள்லயே இருக்காங்க."

"அத அன்னிக்கே எழுதியிருக்கலாமே."

"உங்கமேல சந்தேகம்னு எழுதினா உங்க ஸ்டீல்காரன் காதுக்குப் போகும். அவன் நெஜமாவே ரொக்கம் கேப்பான்."

லொரெய்னுக்கு அதன் ஓட்டம் முழுதாகத் தெரிந்தது. அவர்கள் பட்டறை விழுமென்று பயந்தார்கள். இவள் அவர்கள் எடுத்துப் போவார்களென்று பயந்தாள். அந்த இரண்டு பயத்துக்கும் நடுவில், அவள் சொன்ன பொய்யால், நாலு டன் இரும்பு, அசையாமல் இருந்தபடியே, ஒவ்வொரு நிலையாக லாரியை நோக்கி நகர்ந்து வந்திருந்தது.

"இப்ப உங்களுக்கு உண்ம தெரியுதில்ல," என்றாள். "பன்னெண்டு நாள்ல மொத்தத்தையும் அடிச்சுத் தரோம். பெட்வே ராத்திரியும் ஓட்டுவார்."

"டைய மாத்தறதுக்குத் திங்கக்கிழமையே கையெழுத்தாயிடுச்சு. டொலீடோல ஒரு பட்டறை பிரஸ்ஸைக் காலி பண்ணி வச்சிருக்கு. அதோட..." டீஸ்டேல் கொஞ்சம் தயங்கினார். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒரு மாசம் எங்க லைன் மூடறாங்க. டைய மாத்தி ஓட்ட அது போதும். இப்ப எங்களுக்கு பேங்க்கே வேண்டாம்."

கர்ட் திரும்பி உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. லாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. பெட்வே டையைத் துடைத்து, துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி, கிரேனில் தூக்கத் தயாராக வைத்திருந்தார். பேக்கிங் பக்கமிருந்து திடீரென்று கூச்சல் கேட்டது. வானொலியில் செய்தி: செனட் மறுத்த கடனை வெள்ளை மாளிகையே தரப்போகிறது. கார் கம்பெனிகள் பிழைத்தன. இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் கண் கிரேன் கொக்கியில் மாட்டியிருந்த டையின் மேல் விழுந்தது. சத்தம் அடங்கியது.

கர்ட் அறையிலிருந்து வந்து ஒரு வெற்று அட்டையை லொரெய்னிடம் நீட்டினான். அவளை நேராகப் பார்க்கவில்லை.

"டையோட போற அட்டை. நீங்களே எழுதிடுங்க."

டை எங்கே போனாலும் அது அடித்த கடைசிப் பட்டையை அதனோடே கட்டி அனுப்ப வேண்டும். துளை மட்டும் விழுந்த தகட்டிலிருந்து மடிந்து முடிந்த கீல்வரை, ஏழு நிலையும் அந்த ஒரே பட்டையில் வரிசையாக இருக்கும். புது இடத்தில் டையைப் பொருத்துகிறவன் அதைப் பார்த்துத்தான் எந்த அடி எப்படி விழ வேண்டும் என்று தெரிந்துகொள்வான். கூடவே ஒரு அட்டையில் டையின் நிலைமையை எழுத வேண்டும்.

லொரெய்ன் எழுதினாள். பெட்வே தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"நாலாவது நிலை குளிர்ல பிடிக்கும்ங்கறத எதுக்கு எழுதற? டொலீடோக்காரன் தானே கண்டுபிடிக்கட்டும்."

"கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒடச்சிடுவான்."

"ஒடைக்கட்டும்மா. ஓட்டத் தெரியலன்னு திருப்பி நம்மகிட்டயே அனுப்பினாலும் அனுப்புவாங்க."

லொரெய்ன் பேனாவை எடுக்கவில்லை, வைக்கவும் இல்லை. அது நடக்கக்கூடியதுதான். ஒரு தடவை அப்படித் திரும்பி வந்த டையை அவள் பார்த்திருக்கிறாள். அட்டையில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் போதும். கேட்டால் குளிரைக் காரணம் சொல்லலாம், அதையும் எல்லாரும் நம்புவார்கள்.

அவள் அந்த வரிக்குக் கீழே இன்னொன்று சேர்த்தாள்: முதல் பத்து அடி மெதுவாக அடிக்கவும், சூடானதும் சரியாகிவிடும்.

பெட்வே பட்டையைப் பிடித்துக்கொள்ள, அவள் கம்பியைத் துளைக்குள் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, பித்தளைத் தகட்டின் பக்கத்தில் இறுக்கிக் கட்டினாள். டை லாரியில் இறங்கியதும் லாரியின் பின்பக்கம் ஒரு கை அளவு தாழ்ந்தது. வண்டி பனிக்குள் பதினான்கு மைல் சாலையில் திரும்பிப் போயிற்று.

அவள் மேஜைக்குப் போய் அடுத்த வார அட்டவணையைத் திறந்தாள். மூன்றாம் நம்பருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லக் கர்ட்டின் அறைக் கதவைத் தட்டினாள்.