பதினேழு ஈக்களும் ஒரு நார்த்தங்காய் ஜாடியும்

அறியாமை அறிவியலின் முன் மண்டியிட்ட மகத்தான நாள்களில் ஒன்றாக 2007ஆம் ஆண்டின் குடியரசு தினத்தையும் மனிதகுலம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை மாரெட்பள்ளியில் ஓர் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், கொடியேற்றிய கையோடு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து பதினேழு ஈக்களைப் பறக்கவிட்டார்கள்.

திறந்தவர் ராமசுவாமி. பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பணியாற்றியது ஸ்டோர்ஸ் பிரிவில் என்பது மட்டும் வாசல் பெயர்ப்பலகையில் இடம் போதாமல் விடுபட்டிருந்தது.

மாடியில் அவருக்கு நாற்பது தொட்டித் தக்காளி. டிசம்பரில் அந்துப்பூச்சி வந்து முட்டையிட, பச்சைப் புழுக்கள் காய்களைக் குடைய ஆரம்பித்தன. அதில் ஒன்று, கொடியில் காய்ந்த சந்திரசேகரனின் சட்டைப்பையில் ஏறி, அவரோடு ஆபீஸ் மீட்டிங்குக்கும் போய்வந்தது. சந்திரசேகரன் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெலிவரி மேனேஜர், அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், கோயம்புத்தூர்க்காரர். மாடியில் ஜிம் வைக்க வெகுநாளாக இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணித் தொட்டி பக்கத்துல மருந்தடிக்க முடியாதுங்க சார். ஜனவரி இருபத்தாறு டெட்லைன். புழுவை அடக்க வழி காட்டலீன்னா செடியெல்லாம் எறக்கிருவோமுங்க.”

“மருந்தா? நக்கோ, வேண்டவே வேண்டாம்!” என்றார் ராமசுவாமி. “புழுவுக்கு எமன் ஏற்கெனவே வந்தாச்சு.”

அது உண்மை. சில புழுக்களின் பிடரியில் அரிசிக் குருணை போல வெள்ளை முட்டை ஒட்டியிருந்ததை அவர் பார்த்திருந்தார். அது ஒட்டுண்ணி ஈயின் முட்டை. அதிலிருந்து வரும் குஞ்சு, புழுவுக்குள் துளைத்து நுழைந்து, உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து பழுப்புக் கூடாக இறுகும். பிறகு ஈயாகும். முட்டை தாங்கிய புழுக்களை ஒன்று விடாமல் பொறுக்கி, சமையலறையின் பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டினார். இனி செடியில் இருந்தவை முட்டையில்லாத புழுக்கள்.

“ஏன்னா, அது நார்த்தங்காய் ஜாடி,” என்றாள் மனைவி அபயாம்பாள். “எப்போ திருப்பித் தருவேள்?”

“தேசத்துக்கே இதுல ஒரு பாடம் இருக்குடி.”

“தேசத்துக்கு வேற ஜாடி கிடையாதா?”

பதினேழு கூடுகள் தேறின. பொங்கல் சீர் கொடுக்க ராமசுவாமி போலாரத்தில் மகள் மஹதி வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளைக்கு ஈயைப் பற்றி விளக்க ஆரம்பித்ததில் இரண்டு நாள் தங்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது ஈக்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. ஜாடியில் நார்த்தங்காய் ஊறிக்கொண்டிருந்தது.

“நீங்க அந்தண்ட போனதும் எல்லாம் பொரிஞ்சுடுத்து. ஜாடி வேண்டியிருந்தது, பாட்டில்ல மாத்திட்டேன்.”

“ஒண்ணும் தப்பிச்சுப் போகலையே?”

“எண்ணிக்கோங்கோ.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். பதினேழு. அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது; லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொன்னார். தினம் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்துப் பாட்டிலுக்குள் வைத்தார்.

இருபத்தாறாம் தேதி சங்கமே மாடியில் கூடியது. பாட்டிலை உயர்த்திப் பிடித்து ராமசுவாமி இருபது நிமிடம் பேசினார். “கவனியுங்கள். இந்தக் கம்பீரம், இந்த முதுகு மயிர்! குப்பையில் உட்காரும் வீட்டு ஈயோடு இதை ஒப்பிடுவதே பாவம்.”

மூன்றாம் மாடி ஸ்டெல்லா, “எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியுது சார்,” என்றாள்.

“பழகின கண் வேணும்மா.”

மூடி திறந்தது. கைதட்டல். பதினேழும் ஒரு வட்டம் அடித்து, நேராகப் போய் ஜிலேபித் தட்டில் இறங்கின.

“பயணக் களைப்பு,” என்றார் ராமசுவாமி.

“சார், செடியைக் காட்டுங்க. ரிசல்ட் வேணுமுங்க,” என்றார் சந்திரசேகரன், பையிலிருந்து ஜிம் கொட்டேஷனை எடுத்துக்கொண்டே.

ராமசுவாமி முதல் தொட்டியில் இலையைப் புரட்டினார். புழு. அதன் பிடரியில் வெள்ளை முட்டை. அடுத்த தொட்டியிலும் அப்படியே. பார்த்த பதினொரு புழுக்களில் ஒன்பதில் முட்டை இருந்தது. மீதி இரண்டு, உள்ளே தின்னப்பட்டு ஏற்கெனவே துவண்டு கிடந்தன.

“ரெண்டே நிமிஷம்!” என்று கூவினார் ராமசுவாமி. “விட்டு ரெண்டே நிமிஷம்!”

சந்திரசேகரன் வாட்சைப் பார்த்தார். வாழ்நாளில் இப்படி ஒரு டர்ன் அரவுண்ட் டைம் அவர் கண்டதில்லை. கொட்டேஷனை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ராமசுவாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், எங்க ஆபீஸ்ல வந்து ஒரு டாக் குடுங்க. எங்க பசங்களுக்கு வேகம்னா என்னன்னு தெரியோணும்.” தொட்டிகள் மாடியிலேயே இருக்கும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ராமசுவாமிக்குச் சால்வை போர்த்தினார்கள்.

தயிர்சாதத்தோடு நார்த்தங்காய் பரிமாறப்பட்டது. “மாமி, பதம் அருமை,” என்றாள் ஸ்டெல்லா.

“ஜாடி நேரத்துக்குக் கிடைச்சுது,” என்றாள் அபயாம்பாள்.

பொங்கலன்று சமையலறையில் ஈ மொய்க்கக் கூடாதென்று ஜாடியை மாடிக்கு எடுத்துப்போய்த்தான் அவள் வலைத்துணியை அவிழ்த்தாள். பதினேழும் அப்போதே தக்காளிச் செடிகளுக்குள் பறந்துவிட்டன. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தவை, குப்பைக்கூடைப் பக்கத்தில் வெல்லத்துண்டு வைத்து அவள் பிடித்த வீட்டு ஈக்கள்.