ஒன்பது பேர் வந்த நேர்காணல்

நூற்றிருபது பெண்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். நேர்காணலுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் துணைக்கு வந்தவர்கள்.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் முதுகுப்பை தைத்து ஏற்றுமதி செய்வதற்காக ஒரு வியட்நாம் கம்பெனி கட்டிய புதுத் தொழிற்சாலை அது. ஆள் எடுக்கும் பொறுப்பு தமிழ்செல்வியுடையது. தென்காசிக்காரி. இரண்டு வருடமாக ஓசூரை அடுத்த மத்திகிரியில் வாடகை வீடு. இடம் வாங்குவதற்கு முன்பு, இந்தப் பக்கம் ஆள் கிடைக்குமா என்று தலைமையகம் கேட்டபோது நாற்பது பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். ‘வேலை தேடும் இளம்பெண்கள் ஏராளம்’ என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்.

ஆலைத் தலைவி லான் அந்த அறிக்கையை மேசைமேல் விரித்து வைத்தாள். ஐம்பதை நெருங்கும் வியட்நாம்காரி. கோபப்படவில்லை.

“இதில் இருக்கும் பெண்கள் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தமிழ்செல்விக்குக் காது சூடாகிவிட்டது. “மேடம், நான் ஒரு ஊருக்கும் போகவில்லை. எல்லாம் வீட்டில் உட்கார்ந்து நெட்டில் எடுத்தது.”

லான் அறிக்கையை மூடி வைத்தாள். “சரி, நாளைக்குப் போவோம். கார் வேண்டாம்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஊரில், பால் சொசைட்டி முன்னால் கேனோடு முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். தமிழ்செல்வி நோட்டீஸ் கொடுத்தாள். நாராயணம்மா என்ற பெண் கேனைக் கீழே வைத்துவிட்டு அதை உரக்கப் படித்தாள். பிறகு தெலுங்கில் ஏதோ சொன்னாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

“ஏம்மா, இத யாரு எழுதுனது?”

“நான்தான்க்கா.”

“பதினெட்டுலேர்ந்து இருபத்தஞ்சு வயசுன்னு போட்டிருக்கீங்க. அந்த வயசுப் புள்ளைங்க எல்லாம் ஆஸ்டல் குடுக்கிற பெரிய கம்பெனிக்குப் போயிட்டாங்க. மிச்சப் பேரு அத்திப்பள்ளி வண்டியில ஏறிக்கினு கர்நாடகா பக்கம் போறாங்க. உங்ககிட்ட யாரு வருவாங்க?”

“நீங்க வருவீங்களாக்கா?”

“எனக்கு முப்பத்தெட்டு. நீங்கதான் வேணாம்னுட்டீங்களே! அதுவும் ஆறு மணிக்கு ஷிப்டாம். ஆறு மணிக்கு நான் மாட்டுக்கிட்ட உக்காந்திருப்பேன். ஷிப்ட மாத்திக்கோன்னு மாட்டுக்கிட்டச் சொல்ல முடியுமா?”

நாராயணம்மா ஓசூரில் ஆறு வருடம் பவர் மெஷினில் தைத்தவள். வீடு திரும்ப ராத்திரி எட்டாகிறது என்று விட்டுவிட்டாள். அவளைப்போலத் தைக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் மட்டும் இருபத்திரண்டு பேர் என்று அங்கேயே பேர் சொல்லி எண்ணினாள். தமிழ்செல்வியின் அறிக்கையில் அவர்கள் எல்லாரும் ‘வேலை தேடாதவர்கள்’ என்ற கட்டத்தில் இருந்தார்கள்.

லான் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். “என் அம்மா எருமை வளர்த்தாள். எங்கள் ஊருக்கு ஆலை வந்தபோது அவள் போகாததற்கும் இதுதான் காரணம்” என்றாள்.

“அப்போ இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணுமே! எங்கள ஒரு வார்த்த கேக்காம எப்பிடி ஆறு மணின்னு போட்டாங்க?” என்றாள் நாராயணம்மா.

இதை எப்படிச் சொல்வது என்று தமிழ்செல்வி தயங்கினாள். லான் விடவில்லை. கேட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அது எங்கள் நாட்டு ஆலை நேரம். அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.”

அடுத்த நான்கு நாளில் பதினோரு ஊர் சுற்றினார்கள். எந்தக் கம்பெனி என்ன சம்பளம் கொடுக்கிறது, மாங்காய் பறிக்கும் மாதத்தில் எத்தனை பேர் லீவு போடுவார்கள், பஸ் எந்த முக்கில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பெண்களுக்கு விரல்நுனியில் இருந்தது. தமிழ்செல்வி இரண்டு நோட்டு நிரப்பினாள்.

பெண்கள் கேட்டபடி ஷிப்டை எட்டே முக்காலுக்கு மாற்றத் தலைமையகம்தான் மசியவில்லை. அவ்வளவு தாமதமாகத் தொடங்கினால் அதுவரை மெஷின் சும்மா கிடக்குமே என்று வீடியோ காலில் ஒரு அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்த தமிழ்செல்வி பொறுக்கமுடியாமல் மைக்கைத் திறந்தாள்.

“சார், ஆறு மணிக்கு ஒன்பது பேர் வருவார்கள். எட்டே முக்காலுக்கு நூற்றிருபது பேர். எந்த நேரத்தில் மெஷின் அதிகம் சும்மா கிடக்கும்?”

லான் மேசைக்கடியில் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது.

வயது வரம்பு நாற்பத்தைந்தானது. நோட்டீஸ் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியில் போனது. இரண்டாவது நேர்காணலுக்கு நூற்று அறுபத்து மூன்று பேர் வந்ததில் கேட்டுக்கு வெளியே வரை வரிசை. நாராயணம்மா சோதனைக்குக் கொடுத்த ஜிப்பை ஒரே மூச்சில் கோணாமல் தைத்துவிட்டு, “இப்ப நான் கேக்கிறேன்” என்று பி.எஃப்., கழிப்பறை, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு என்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள். தமிழ்செல்வி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி வியர்த்துப்போனாள். தெரியாத இரண்டை விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

வேலை தொடங்கிய முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் நாராயணம்மா இருவரையும் இழுத்து உட்கார வைத்தாள். டப்பாவில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். லான் ஒரு உருண்டையை வாயில் போட்டு மென்று தின்னத் தொடங்கினாள்.

“ஐயோ, மெல்லாதீங்க! முழுங்குங்க, முழுங்குங்க!”

நாலு மேசைக்காரிகள் ஒரே குரலில் கத்தினார்கள். லான் கண்ணை மூடி விழுங்கினாள். கூடம் முழுக்கக் கைதட்டியது. அவள் கண்ணைத் திறந்து, இன்னொரு உருண்டைக்குக் கையை நீட்டினாள்.