மாடி வீட்டு வைஃபை

ஆவுடைச்செல்வி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்கு வந்த சண்முகசுந்தரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தத் தொட்டியால் இந்த வீட்டுக்கு வந்த வினை போதாதா, இவள் வேறு விழுந்து வைத்தால் அதற்கும் ஒரு பஞ்சாயத்தா என்று நினைத்தாள். அப்புறம்தான் கொழுந்தன் மகள் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. சத்தமே இல்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் தொட்டியின் குழாய். கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

தெருவில் கால் வைக்க இடமில்லை. ஆடித்தபசு. குருவிகுளத்துக் கரிசல் கிராமங்களிலிருந்தும் சிவகிரிப் பக்கத்திலிருந்தும் வந்த சனம் தெற்கு ரத வீதியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம், தவமிருந்த அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பார். அதற்குள் ஒவ்வொருவரும் ஒரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்துட்டேன், நீ எங்கன நிக்க என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல நாளிலேயே நாழிப்பால் கறக்காத நெட்வொர்க், தபசு அன்றைக்கு மடியையே காட்டாது. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தெரிந்தும் செல்வியின் அப்பா நல்லகண்ணுவும் அம்மா பிரேமலதாவும் செய்த காரியம்தான் செல்வியைத் தொட்டி மேல் ஏற்றியிருந்தது. அவளுக்குக் காரைக்குடி அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் இடம் ஒதுக்கி கவுன்சிலிங்கில் செய்தி வந்திருந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று போனில் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும், அவ்வளவுதான். வந்த அன்றைக்கே செல்வி அமுக்கப் போனாள். பிரேமலதா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடி மாதத்தில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? அந்த மாதத்தில் நல்ல நாள் என்று ஒன்று உண்டென்றால் அது அம்மனுக்கே கேட்டது கிடைத்த தபசுதான், அன்றைக்கு ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கழித்து அமுக்கு என்று சொல்லிவிட்டாள். நல்லகண்ணுவும் தலையாட்டினார். இன்றைக்கு அந்த நல்ல நேரமும் வந்தது. மகள் பெயருக்கு அர்ச்சனை செய்யப் பிரேமலதா கோயிலுக்குப் போய்விட்டாள். போனில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஐந்து மணிக்குக் கவுன்சிலிங் கதவை அடைத்துவிடுவார்கள். அமுக்காதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பிரவுசிங் சென்டர் ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போன நல்லகண்ணு, கூட்டத்துக்குள் எங்கே மாட்டிக்கொண்டாரோ, திரும்பவில்லை.

இவ்வளவையும் செல்வி தொட்டியிலிருந்து இறங்காமலே விக்கி விக்கிச் சொன்னாள்.

அந்த வீட்டில் வைஃபை இல்லாமல் இல்லை. மேல் வீட்டு ஹாலில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டு ரூட்டர் இருந்தது. மேல் வீடு அண்ணன் சங்கரசுப்பிரமணியனுக்கு, கீழ் வீடு தம்பி நல்லகண்ணுவுக்கு. வைஃபை மட்டும் பங்குனி வரைக்கும் பொதுவாக இருந்தது. பங்குனியில் ஒரு மத்தியானம் நல்லகண்ணு மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போனார். தொட்டி நிறைந்து வழிந்து, மாடியில் காயப் போட்டிருந்த அண்ணன் வீட்டு மிளகாய் வத்தல் முழுக்க மிதந்தது. உரக்கடை வைத்து நாலு பேரை வேலை வாங்கும் சங்கரசுப்பிரமணியனுக்கு, தம்பி மத்தியானத்தில் தூங்குவதே பொறுக்காது. நல்லகண்ணு மெக்கானிக்காக இருந்த விசைத்தறிக் கூடத்தை அப்போதுதான் மூடியிருந்தார்கள். மனுசன் வேறு எங்கே போய்த் தூங்குவார்? வாய்ச்சண்டை தெரு வரைக்கும் போனது. நனைந்த வத்தல் காய்வதற்குள் வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு வந்துவிட்டது. தன் போனில் ஒரு தடவை, பெண்சாதி சண்முகசுந்தரி போனில் ஒரு தடவை அண்ணனே அடித்து ஏற்றினார். என்ன அடித்தார் என்று அவளுக்குக் காட்டவில்லை. இந்த வீட்டிலிருந்து யாராவது கீழே கொடுத்தால் வயரைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. பெண்கள் மட்டும் அவர் கடைக்குப் போன பிறகு உறைமோரும் கறிவேப்பிலையும் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். உறைமோர் கொடுப்பதைப் போல வைஃபை கொடுக்க முடியாது என்று சண்முகசுந்தரி இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள். கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது? பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். அவரோ தபசு மண்டபத்துக்கு முன்னால் கூட்டத்தில் நிற்கிறார். அவர் போனும் கிடைக்காது.

"இறங்கி வாட்டி. எம்போன்ல பாரு," என்று மேல் வீட்டு ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

செல்வி பெரியம்மா போனில் முயன்று பார்த்தாள். கவுன்சிலிங் பக்கம் உடனே திறந்தது. இருவருக்கும் உயிர் வந்தது. ஆனால் உள்ளே போக ஒரு எண் வரும், அது செல்வியின் மெயிலுக்கு வரும் என்றது. மெயிலை இந்தப் போனில் திறக்கப் பார்த்தால், இது நீதானா, உன் பழைய போனில் ஆமாம் என்று சொல் என்றது. செல்வி கையிலிருந்த அந்தப் போனுக்கோ நெட்வொர்க் இல்லாமல் காது அடைத்திருந்தது. இப்படி ஒரு சந்தேகப் பிராணியை யார் செய்தார்களோ என்று சண்முகசுந்தரி போனை வைதாள்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தாள். அப்புறம் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"பெரியம்மா, பாஸ்வேர்டு ஒங்க போனுக்குள்ளயே இருக்கும். நீங்க கைரேகை வச்சா அது காட்டும். வைக்கேளா?"

சண்முகசுந்தரிக்கு நம்பிக்கை இல்லை. பங்குனியிலிருந்து அது தன் இடுப்பிலேயே இருந்ததா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை கேட்டிருக்கிறாள். அது தன் கதை என்று தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். கூடவே வயரைப் பிடுங்கி எறிகிற கணவர் முகமும் வந்தது. பயமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வேண்டாம் என்ற ஒன்றை அவள் செய்ததில்லை. செய்திருந்தாலும் தெரியாமல் செய்திருக்கிறாள். இது தெரிந்துவிடும். செல்வியின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது. புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

செல்வி செட்டிங்ஸுக்குள் போய், வைஃபை பெயரைத் தொட்டு, பகிர் என்பதை அமுக்கினாள். விரல் வை என்றது. சண்முகசுந்தரி வைத்தாள். கறுப்புக் கட்டங்களாக ஒரு சதுரம் வந்தது. இதைப் படம் பிடித்தாலே போதும், எழுத்துகூட வேண்டாம் என்றாள் செல்வி. சொல்லிவிட்டுத் தன் போனைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன மாதம் ஆட்டோவிலிருந்து விழுந்து அதன் கேமராக் கண்ணாடி நொறுங்கியிருந்தது.

"கீழ பொடிசா எழுதியிருக்கும் பெரியம்மா. அத வாசிங்க. நான் அடிக்கேன்."

சண்முகசுந்தரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். இங்கிலீஷ் எழுத்து, ஆனால் தமிழ்தான். எழுத்துக் கூட்டி மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக் கவிழ்த்துக்கொண்டாள்.

நல்லகண்ணு தண்டச்சோறு. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

வேலை போன மனுசனைக் கணவர் வாயால் வைதது தெருவுக்கே தெரியும். வாய்ச்சொல் காற்றோடு போய்விட்டது என்றுதான் இருந்தாள். அதை எழுதி, வீட்டுக்குள் வைத்து, அதன் வழியாகவே வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுப் பேரனோடு பேசி, பக்திப்பாட்டுக் கேட்டு, சீரியல் பார்த்திருக்கிறார். அவளும்தான் பார்த்திருக்கிறாள். இதை இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அது கீழே போகும். கீழே போனால் இந்தச் சென்மத்தில் இரண்டு வீடும் ஒட்டாது.

செல்வியின் போனை வாங்கினாள். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ என்றாள். அந்தப் பிள்ளை திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. சண்முகசுந்தரி ஒற்றை விரலால் அடித்தாள். தப்பு என்றது. திரும்பவும் அடித்தாள். விரல் பெரிது, எழுத்து சிறிது. தப்பு என்றது. கோயில் பக்கம் வேட்டு வெடித்தது. சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை. தப்பு.

போனைச் செல்வி பக்கம் நீட்டினாள். இவ்வளவு நேரம் மறைத்ததையும் சேர்த்து.

செல்வி வாசித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

"எங்கப்பா தண்டச்சோறு இல்ல பெரியம்மா," என்றாள்.

"எனக்குத் தெரியும்ட்டி. நீ அடி."

அடித்தாள். தன் தகப்பன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அதை ஒட்டியிருந்த சொல்லையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கண்ணில் நிறைந்தது, ஆனால் விரல் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. திரையின் மூலையில் விசிறி விரிந்தது. அடைத்திருந்த காது திறந்த மாதிரி போன் டிங் டிங்கென்று அலறியது. காலையிலிருந்து வராத செய்தியெல்லாம் வந்து விழுந்தது. செல்வி எதையும் பார்க்காமல் மெயிலுக்குள் போனாள், எண்ணை எடுத்தாள், பக்கத்துக்குப் போனாள், போட்டாள். கல்லூரி பெயர் வந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்ற பச்சைப் பொத்தான் வந்தது.

"பெரியம்மா, நீங்க அமுக்குங்க."

"கோட்டிக்காரி, ஒன் சீட்டு. நீ அமுக்கு."

அமுக்கினாள். உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. சண்முகசுந்தரி அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள், பிறகு சத்தமாக ஒரு தடவை வாசித்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹாலில் நின்று சிரித்தார்கள். சண்முகசுந்தரிக்கு அப்படியொரு சந்தோசம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மகன் கார்த்தீசன் சார்ஜாவில் வேலை கிடைத்தது என்று சொன்ன அன்றைக்குக்கூடக் கொஞ்சம் அழுகை கலந்திருந்தது. இதில் அழுகையே இல்லை. வயரைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். காரைக்குடிச் சீட்டை அவரால் பிடுங்க முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு அடங்கிய பிறகு, ரூட்டரைப் பார்த்தபடி கேட்டாள்.

"இத அழிக்க முடியுமாட்டி?"

அழிக்க முடியாது, மாற்றலாம் என்றாள் செல்வி. ரூட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து போனில் ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போனாள். புதிதாக என்ன வைக்க என்று கேட்டாள். சண்முகசுந்தரி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, நீயே வை, அப்பாவிடம் பழையதைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னாள். சொல்ல மாட்டேன் என்று செல்வி தலையசைத்தாள். புதியதை அடித்துத் தன் போனிலும் பெரியம்மா போனிலும் ஏற்றிவிட்டுக் கீழே ஓடினாள். அவள் போன பிறகு சண்முகசுந்தரி செட்டிங்ஸுக்குள் தானே போனாள். பெயரைத் தொட்டாள், பகிர் என்பதை அமுக்கினாள், விரலை வைத்தாள். வந்ததை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே காப்பி போட எழுந்தாள்.

விளக்கு வைத்த பிறகு சங்கரசுப்பிரமணியன் வந்தார். சட்டையெல்லாம் நனைந்து, தொண்டை கட்டி, முகம் மட்டும் பிரகாசமாக. காட்சி முழுவதையும் வீடியோ எடுத்திருந்தார். வருசா வருசம் அதைக் கார்த்தீசனுக்கு அனுப்பிவிடுவார். அவனும் வேலை முடிந்து குளிக்காமல்கூட அதற்காகக் காத்திருப்பான். நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது. மறந்துவிடுகிற பாஸ்வேர்டா அது, வேகமாக அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"இது என்ன, தப்புன்னு சொல்லுது."

"தப்புதான்," என்றாள் சண்முகசுந்தரி. "நானும் இன்னைக்குத்தான் வாசிச்சேன்."

அவர் நிமிர்ந்தார். அவள் காப்பியை அவர் பக்கத்தில் வைத்தாள். யார் சொன்னது என்று கேட்டார். குரல் ஏறவில்லை.

"எம்போனே சொல்லிச்சி. செல்விக்குக் காரைக்குடி சீட்டு உறுதியாயிட்டு. புது பாஸ்வேர்டு அவகிட்ட இருக்கு. போயிக் கேட்டுக்கிடுங்க."

அவர் ரூட்டரைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். வயரைப் பிடுங்கினால் வீடியோ போகாது. இதை அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பதை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறியது. போனில் கார்த்தீசன் அழைப்பு இரண்டு தடவை வந்து, பேசுவதற்குள் அறுந்தது. சங்கரசுப்பிரமணியன் எழுந்தார். சட்டையை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினார்.

சண்முகசுந்தரி மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிரேமலதா கேசரி கிண்டுகிற நெய் வாசம் படியேறி வந்தது. அவர் கதவுக்கு முன்னால் போனை ஏந்திக்கொண்டு நின்றார். தட்டவில்லை. தொண்டையைச் செருமினார். மேலிருந்து பார்க்க அவர் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. காட்சி நேரத்தில் சனம் காணிக்கையாக அள்ளி வீசிச் சூறை விட்ட பருத்தி அங்கங்கே வெள்ளை வெள்ளையாக முடியில் ஒட்டியிருந்தது.

கதவு திறந்தது. நல்லகண்ணு நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அவர் தலையைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, அதிலிருந்து ஒரு பஞ்சை எடுத்தார்.